இரைச்சலை ஊகிக்கும் சிப் பிறந்த கதை

1968 செப்டம்பர் 1 அன்று வால்தம்ஸ்டோ சென்ட்ரலிலிருந்து ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் வரை லண்டன் பாதாள ரயிலின் விக்டோரியா லைன் ஓடத் தொடங்கியது. ரயிலின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் கதவை மூடிவிட்டு இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவார். அதற்குப் பிறகு வேகம் கூட்டுவது, குறைப்பது, அடுத்த நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் இயந்திரத்தின் வேலை. தண்டவாளத்தில் மின்துடிப்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 420 துடிப்பு வந்தால் முழு வேகத்தில் போகலாம். 270 அல்லது 180 என்றால் அடங்கிப் போக வேண்டும். ரயிலின் முன்பக்கம் தொங்கும் கம்பிச்சுருள்கள் அந்தத் துடிப்பை வாங்கிக்கொடுக்க, உள்ளே இருக்கும் ஒரு பெட்டி எண்ணிப் பார்த்து ரயிலுக்குச் சொல்லும். துடிப்பு வராமல் நின்றுபோனால் அவசர பிரேக் விழும்.

கிழக்கு லண்டனில் எங்கள் ஊரான வால்தம்ஸ்டோவின் தரைக்கடியில் நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்த அந்தப் பெட்டியும் ஒரு டிகோடர்தான். வந்து சேரும் குறிகளைப் பிரித்து, அனுப்பியவர் என்ன சொன்னார் என்று தீர்மானிக்கிற கருவி. தனக்கென்று வகுத்த சில துடிப்பெண்கள்தான் அதற்குத் தெரியும். 2009இல் புதிய ரயில்கள் வந்தபோது அவற்றோடு புதிய சிக்னல் முறையும் வந்தது. பழைய ரயில்களில் கடைசியானது 2011 ஜூனில் ஓய்வுபெறும்வரை இரண்டு முறைகளையும் ஒரே தடத்தில் சேர்த்துவைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. குறியீடு மாறினால் அதைப் படிக்கும் கருவியும் மாறியாக வேண்டும் என்பதை அன்று யாரும் குறையாக நினைக்கவில்லை. உலகம் முழுவதும் அதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தை உடைத்த ஒரு சிப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அது பிறந்தது வால்தம்ஸ்டோவில் இல்லை. அயர்லாந்தின் மேனூத், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ், பாஸ்டன் என்று மூன்று ஊர்களில் வளர்ந்து உருவானது. கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவர் நூறு வருடத்துக்கு முன்னால் ஆராய்ந்த ஒரு கணக்கும் அதற்குள்ளே இருக்கிறது.

முதலில், அது எந்த நோய்க்கு மருந்து என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஹோ ஸ்ட்ரீட்டில் நடந்துகொண்டே யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ வீடியோவில் பேசிக்கொண்டு போகிறோம். போன் 5ஜியில் இருக்கிறது. தெருமுனை திரும்பியதும் சிக்னல் மெலிந்து 4ஜிக்கு இறங்குகிறது. பேச்சு அறுபடுவதில்லை, நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் போனுக்குள் வேறு மின்சுற்று வேலைக்கு வந்துவிட்டது. 4ஜியில் தரவு டர்போ என்ற குறியீட்டில் வருகிறது. அதன் கட்டுப்பாட்டுச் செய்திகள் கன்வல்யூஷனல் குறியீட்டில் வருகின்றன. 5ஜியில் தரவுக்கு எல்டிபிசி, கட்டுப்பாட்டுக்கு போலார். நான்கு குறியீட்டுக்கும் நான்கு விதமான டிகோடர். வைஃபைக்கு வேறு, செயற்கைக்கோளுக்கு வேறு. ஒன்று வேலை செய்யும்போது மற்றவை சிப்பில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. புதிதாக ஒரு குறியீட்டைத் தரநிலையில் சேர்த்தால் மறுபடியும் புதிய மின்சுற்றை வரைந்து, புதிய சிப்பை வார்த்து, புதிய போனை விற்க வேண்டும்.

குறியீடுகள் எதற்கு என்பதற்கு 1947க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதர், ரிலேக்களால் ஆன ஒரு கணிப்பொறியில் வார இறுதிகளில் தன் கணக்குகளைப் போட்டுவிட்டுப் போவார். மேற்பார்வைக்கு ஆள் இல்லாத நேரம் அது. எங்காவது ஒரு ரிலே தவறினால் இயந்திரம் அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் திருத்தத் தெரியாததால் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் இயந்திரம், அது எங்கே இருக்கிறது என்று ஏன் அறியக்கூடாது என்ற எரிச்சல்தான் ஹாமிங் குறியீட்டைப் பிறப்பித்தது. நான்கு பிட் செய்தியோடு மூன்று பிட்களைச் சேர்த்து அனுப்பினால், ஏழில் எந்த ஒன்று தவறினாலும் எது தவறியது என்று சொல்லிவிடலாம். 1950இல் அது கட்டுரையாக வெளிவந்தது.

அதே ஆய்வகத்தில் கிளாட் ஷானன் 1948இல் இன்னும் பெரிய ஒன்றை நிறுவியிருந்தார். எவ்வளவு இரைச்சலான தடமாக இருந்தாலும் அதற்கென்று ஒரு கொள்ளளவு உண்டு. அந்த அளவுக்குள் அனுப்பினால், பிழையை வேண்டிய மட்டும் குறைக்கும் குறியீடுகள் இருந்தே தீரும். இதை நிறுவ அவர் எந்தக் குறியீட்டையும் கட்டிக் காட்டவில்லை. குருட்டுவாக்கில் எடுத்த குறியீடுகளே சராசரியில் நன்றாக இருக்கும் என்று காட்டினார். படிக்கும்போது மயிர்க்கூச்செறியவைக்கும் வாதம் அது. ஆனால் பொறியாளருக்கு அதில் பிடிமானம் இல்லை. குருட்டுவாக்கில் எடுத்த குறியீட்டில் எழுதியதை எப்படித் திருப்பிப் படிப்பது? ஒழுங்கு இல்லாததைப் படிக்கக் குறுக்குவழியும் இல்லை. 1978இல் பெர்லிகாம்ப், மெக்எலிஸ், வான் டில்போர்க் மூவரும், எந்த நேரியல் குறியீட்டைக் கொடுத்தாலும் மிகச் சிறப்பாகத் திருத்தித் தருகிற ஒரு பொதுவான வழியைத் தேடுவது, கணிப்பொறியால் விரைவாகத் தீர்க்க முடியாது என்று நம்பப்படும் கடினமான கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள். அந்த முடிவு துறையின் மனநிலையையே உறைய வைத்துவிட்டது என்பது என் எண்ணம். பொது டிகோடர் கிடையாது. ஆகவே படிக்க எளிதான ஒழுங்குள்ள குறியீடுகளைத் தேடுவோம், ஒவ்வொன்றுக்கும் அதன் ஒழுங்குக்கு ஏற்ற டிகோடரைக் கட்டுவோம் என்று எல்லோரும் அந்தப் பாதையிலேயே போனார்கள்.

அந்தப் பாதையும் சும்மா இல்லை. 1960இல் ரீட், சாலமன் இருவரும் தந்த குறியீடு காம்பேக்ட் டிஸ்க்கின் கீறல்களைத் தாண்டி இசையைக் கேட்கவைத்தது. அதே ஆண்டு எம்ஐடியில் ராபர்ட் கேலகர் முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த எல்டிபிசி, அன்றைய வன்பொருளுக்குத் தாங்காததால் ஏறக்குறைய மறக்கப்பட்டது. முப்பத்தைந்து வருடம் கழித்துதான் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டேவிட் மெக்கேயும் அவரோடு ராட்ஃபோர்ட் நீலும் அதை மீட்டெடுத்தார்கள். 1993இல் பிரெஞ்சுக்காரர் குளோட் பெரூவும் துணைவர்களும் டர்போவைக் கொண்டுவந்தார்கள். 2009இல் துருக்கியின் எர்டால் அரிகான் போலாரை வெளியிட்டார். ஒவ்வொன்றும் ஒரு மேதையின் உழைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி டிகோடர்.

நான் சொல்லவந்த சிப்புக்குள் ஓடும் கிராண்ட் என்ற முறை இந்த வம்சாவளியில் வந்ததில்லை. அது கடவுச்சொல் திருட்டைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது.

மேனூத், டப்ளினுக்கு மேற்கே உள்ள சிறிய பல்கலைக்கழக ஊர். அங்கே ஹாமில்டன் ஆய்வு நிறுவனத்தில் கென் டஃபி என்ற நிகழ்தகவுக் கணிதர் இருந்தார். ஒரு கடவுச்சொல்லை அடுத்தடுத்து ஊகித்துப் பார்க்கும் ஒருவனுக்கு எத்தனை முயற்சி தேவைப்படும் என்பது அவருக்குப் பிடித்த கேள்விகளில் ஒன்று. எம்ஐடியின் மூரியல் மேடார், அங்கேயே ஃபிளாவியோ டு பின் கல்மோன், மேனூத்தின் மார்க் கிறிஸ்டியன்சன் ஆகியோரோடு சேர்ந்து 2013இல் அவர் இதைப் பற்றி எழுதினார். எது நடக்க அதிக வாய்ப்போ அதை முதலில், அடுத்ததை அடுத்து என்று இறங்குவரிசையில் ஊகிப்பவனுக்கு வேலை எவ்வளவு குறைகிறது என்பதே அந்தக் கணிதத்தின் உள்ளடக்கம். 1994இல் ஜேம்ஸ் மேசி தொடங்கிவைத்த வழி அது. 1996இல் அதை ஒரு டிகோடிங் முறையோடு இணைத்துக் காட்டியவர் யார் என்று பார்த்தால், அதே எர்டால் அரிகான்! போலாரைக் கண்டுபிடிப்பதற்குப் பல வருடம் முன்பே ஊகத்தின் கணக்கை எழுதியவர் அவர்.

ஊகத்தைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தது: டிகோடர் எதை ஊகிக்க வேண்டும்? அதுவரை எல்லோரும், அனுப்பப்பட்ட செய்தி எது என்றே தேடிக்கொண்டிருந்தார்கள். செய்தி எதுவாகவும் இருக்கலாம். அதன் சாத்தியங்கள் கணக்கில் அடங்காதவை. ஆனால் இரைச்சல் அப்படியா? பெரும்பாலான நேரங்களில் இரைச்சல் கொஞ்சம்தான் சேதம் செய்கிறது. மழையில் நனைந்த துண்டுச் சீட்டில் ஒரு போன் எண் கலங்கியிருந்தால், நாட்டிலுள்ள எல்லா எண்களையும் எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டோம். எந்த இலக்கத்தில் மை கசிந்திருக்கும், 1தான் 7 மாதிரி ஆகிவிட்டதா என்று கறையைத்தான் முதலில் ஊகிப்போம். கிராண்ட் செய்வதும் அதைத்தான்.

செயல்முறை இவ்வளவுதான். வந்த பிட்களை அப்படியே எடுத்து, குறியீட்டின் விதிக்கு உட்படுகிறதா என்று சோதி. உட்பட்டால் முடிந்தது. இல்லையென்றால், நடக்க மிக அதிக வாய்ப்புள்ள இரைச்சலை ஊகித்து அதைக் கழித்துவிட்டுச் சோதி. பிறகு அடுத்த வாய்ப்பு, அதற்கடுத்தது. முதன்முதலாக எந்த ஊகத்தைக் கழித்ததும் விதி பொருந்துகிறதோ அதுவே விடை. அதுவே இருப்பவற்றுள் மிகச் சாத்தியமான விடையும்கூட. குறியீட்டைப் பற்றி இந்த முறைக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு பிட்சரம் விதிக்கு உட்பட்டதா, இல்லையா. டர்போவா போலாரா என்ற வம்சம் தெரியத் தேவையில்லை.

எண்களில் பார்த்தால்தான் இதன் அழகு பிடிபடும். 128 பிட் நீளம். அதில் 105 செய்தி, 23 பாதுகாப்புக்காகச் சேர்த்தவை என்று வைத்துக்கொள்வோம். அனுப்பப்பட்டிருக்கக்கூடிய செய்திகளின் எண்ணிக்கை 4க்குப் பின்னால் 31 பூஜ்ஜியம். எந்தக் கணிப்பொறியும் அதில் தேட முடியாது. இப்போது இரைச்சலைப் பாருங்கள். நூறு பிட்டுக்கு ஒன்று தவறும் தடம் என்றால், இதே நீளமுள்ள நூறு பொட்டலங்களில் சுமார் 28இல் பிழையே இருக்காது. 36இல் ஒரே ஒரு பிட் தவறியிருக்கும். 23இல் இரண்டு. ஒரு பிட் தவறுவதற்கு 128 வழி, இரண்டு தவற 8,128 வழி, மூன்று தவற 3,41,376 வழி. மூன்று பிழைவரை எல்லாவற்றையும் சோதிக்க மூன்றரை லட்சம் ஊகம் போதும். அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பொட்டலங்கள் அடங்கிவிடும். 23 பாதுகாப்பு பிட் இருப்பதால், ஏறத்தாழ 84 லட்சம் ஊகம் ஆகும்போது ஏதாவது ஒரு தப்பான சரமே தற்செயலாக விதிக்குப் பொருந்திவிடும். அதைத் தாண்டித் தேடுவதில் பொருளில்லை. அதனால் ஒரு எல்லையில் ஊகிப்பதை விட்டுவிட்டு ‘இது தெரியவில்லை, மறுபடி அனுப்பு’ என்று கேட்டுவிடலாம். கொள்ளளவை எட்டும் திறனில் அதனால் குறை வராது என்பதையும் அவர்கள் நிறுவினார்கள்.

1978இன் கடினத்தன்மை முடிவு பொய்யாகிவிட்டதா என்று கேட்கலாம். இல்லை, அது அப்படியே இருக்கிறது. பாதுகாப்பு பிட்கள் கூடக் கூட ஊகங்களின் எண்ணிக்கை மடங்கு மடங்காகப் பெருகும். ஆனால் நடைமுறையில் பல செய்திகள் சிறியவை, பாதுகாப்பு பிட்களும் அளவானவை. அந்தப் பரப்பில் பூதம் குடியில்லை. பொதுவான முடிவைப் பார்த்துப் பயந்து எல்லோரும் ஒதுங்கிய இடத்தில், சிறப்பு நேர்வுகளுக்கு வழி திறந்தே கிடந்திருக்கிறது.

2018 கோடையில் கொலராடோவின் வேய்ல் நகரில் நடந்த தகவல் கோட்பாட்டு மாநாட்டில் டஃபி, ஜியாங்கே லி, மேடார் மூவரும் இதை முதலில் முன்வைத்தார்கள். 2019இல் முழுக் கட்டுரை வந்தது. ‘கெஸ்ஸிங் ரேண்டம் அடிடிவ் நாய்ஸ் டிகோடிங்’ என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்து கிராண்ட் ஆனது.

காகிதத்தில் உள்ளதைச் சிலிக்கனில் எழுதுவது வேறு கலை. மூன்றரை லட்சம் ஊகத்தை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தால் வீடியோ பேச்சு திக்கித் திணறும். இங்கே ஒரு நல்ல வாய்ப்பு அமைந்தது. விதிச் சோதனை என்பது பிட்களை ஒன்றோடொன்று எக்ஸார் செய்து (இரண்டும் ஒன்றானால் 0, வேறானால் 1) கூட்டுவதுதான். வந்த சரத்துக்கு ஒரு முறை அந்தக் கூட்டலைச் செய்து 23 பிட் அளவில் ஒரு மீதியை எடுத்துவைத்துக்கொண்டால் போதும். பிறகு ஒரு பிட்டைத் திருப்பிப் பார்ப்பது என்பது விதி அட்டவணையிலிருந்து அந்த பிட்டுக்குரிய நெடுவரிசையை அந்த மீதியோடு எக்ஸார் செய்வது மட்டுமே. பெருக்கல் இல்லை, தசம எண் இல்லை. ஒரு ஊகத்துக்கும் இன்னொரு ஊகத்துக்கும் தொடர்பு இல்லாததால் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் செய்யலாம். மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வாரன் கிராஸ் குழுவினர் 2020இல் இதை அழகாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். 128 நெடுவரிசைகளையும் சுழலும் பதிவேடுகளில் அடுக்கிவிட்டால் ஒரு பிட் பிழைகள் 128உம் ஒரே கடிகாரத் துடிப்பில் சோதிக்கப்பட்டுவிடும். அடுக்கை ஒவ்வொரு படியாகச் சுழற்றி அதன் நகலோடு எக்ஸார் செய்தால் இரண்டு பிட் பிழைகள் 8,128உம் 64 துடிப்பில் முடிந்துவிடும். வரைபடத்தைப் பார்த்தால் தறி மாதிரி ஒழுங்காக இருக்கும். சிப் வடிவமைத்தவர்களுக்கு அந்த ஒழுங்கின் மதிப்பு தெரியும்.

உண்மையில் வார்க்கப்பட்ட சிப்பை பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ரபியா யாசிஜிகில் குழு செய்தது. மேடார், டஃபி இருவரும் அதில் சேர்ந்தார்கள்; 2021 செப்டம்பரில் அது வெளியிடப்பட்டது. 40 நானோமீட்டர் சிலிக்கன். இன்றைய போன் சிப்புகளோடு பார்த்தால் பழைய தொழில்நுட்பம்தான். அதிலேயே 128 பிட் வரை நீளமுள்ள, அளவான பாதுகாப்பு பிட்களைக் கொண்ட எந்தக் குறியீட்டையும் ஏறத்தாழ ஒரு மைக்ரோவிநாடிக்குள் படித்தது.

உள்ளே மூன்று படிகள். எளிய இரைச்சல்கள் முதல் படியில் சோதிக்கப்படும். அங்கே விடை கிடைக்காதவை மட்டும் அடுத்த படிக்குப் போகும். மிகச் சிக்கலானவை கடைசிப் படிக்கு. தடம் நன்றாக இருந்தால், ஆயிரத்துக்கு ஒரு பிட் மட்டும் தவறும் நிலையில், பத்தில் ஒன்பது பொட்டலங்களுக்குக் கொஞ்சம் குறைவானவை பிழையே இல்லாமல் வந்து முதல் சோதனையிலேயே வெளியேறிவிடும். பின்னால் இருக்கும் படிகளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மின்சாரச் செலவும் இல்லை. மற்ற டிகோடர்கள் பலவும் ஒழுங்கான குறியீட்டின் முழு அமைப்பையும் ஒருமுறையாவது சுற்றிவர வேண்டியவை. இதுவோ இரைச்சல் எவ்வளவோ அவ்வளவுக்கே உழைக்கிறது. ஆற்றல் சிக்கனத்துக்கென்று தனியாக எந்த உத்தியும் சேர்க்கவில்லை. எந்தக் குறியீட்டையும் படிக்கும் நெகிழ்வைத் தந்த அதே யோசனைதான் சிக்கனத்தையும் தந்தது. பொதுவாகப் பொறியியலில் ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கே இரண்டும் ஒரே கிளையில் காய்த்திருப்பதுதான் என்னை இந்தச் சிப்பின் பக்கம் இழுத்தது.

குறியீட்டை மாற்ற என்ன செய்ய வேண்டும்? விதி அட்டவணையை மாற்றினால் போதும். அந்தச் சிப்பில் அட்டவணைகளுக்கு இரண்டு நினைவகங்கள். ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதிய குறியீடு ஏற்றப்படும். ஏற்றி முடிந்ததும் மாறிக்கொள்ளலாம்; இடையில் ஒரு கணம்கூட நிற்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது பிட் 0 அல்லது 1 என்று மட்டும் பார்க்கும் டிகோடர். அலைவாங்கி அதைவிட அதிகம் அறிந்திருக்கிறது. ‘இது 1தான், சந்தேகமில்லை’ என்று ஒரு பிட்டுக்கும், ‘இது 1 மாதிரி இருக்கிறது’ என்று இன்னொன்றுக்கும் அது சொல்லும். அந்த நம்பகத்தன்மையைத் தூக்கி எறிவது பெரிய நஷ்டம். ஆனால் அதைத் துல்லியமாகப் பயன்படுத்தினால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஊகங்களின் வரிசையே மாறிவிடும். அந்த வரிசையைச் சிப்புக்குள் கணக்கிடுவது பெரும்பாடு. டஃபி இதற்குக் கண்ட வழி, நம்பகத்தன்மையின் அளவை விட்டுவிட்டு தரவரிசையை மட்டும் வைத்துக்கொள்வது. மிகச் சந்தேகமான பிட்டுக்கு 1, அடுத்ததற்கு 2, அடுத்ததற்கு 3 என்று எண் கொடு. எந்தெந்த பிட்களைத் திருப்பிப் பார்க்கிறோமோ அவற்றின் எண்களைக் கூட்டு. கூட்டுத்தொகை குறைந்த ஊகங்களை முதலில் சோதி. இதற்கு ஆர்ப்கிராண்ட் என்று பெயர்.

இந்த இடத்தில்தான் கும்பகோணம் வருகிறது. கூட்டுத்தொகை 5 என்றால் ஊகங்கள் எவை? ஐந்தாவது பிட் மட்டும், நான்காவதும் முதலாவதும், மூன்றாவதும் இரண்டாவதும். ஆக மூன்று. 6 என்றால் நான்கு: 6; 5+1; 4+2; 3+2+1. ஒரு முழு எண்ணைச் சிறிய எண்களின் கூட்டலாக எத்தனை வழியில் பிரிக்கலாம் என்ற பிரிவினைக் கணக்கு இது. ஒரே எண் இருமுறை வரக்கூடாது என்ற கூடுதல் நிபந்தனையோடு. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போன ராமானுஜன், அங்கே கணிதர் ஹார்டியோடு சேர்ந்து 1918இல் பிரிவினைகளின் எண்ணிக்கைக்குச் சூத்திரம் தந்தார். 200ஐ எத்தனை வழியில் பிரிக்கலாம் என்று கணிதர் மக்மஹோன் கையால் கணக்கிட்டு வைத்திருந்த 3,972,999,029,388 என்ற எண்ணோடு அந்தச் சூத்திரம் பொருந்தியதைக் கண்டு அன்று வியந்தார்கள். அதற்கு எந்தப் பயனும் தேடி அவர்கள் அதைச் செய்யவில்லை. இன்று ஒரு சிப், ஒவ்வொரு பொட்டலம் வரும்போதும் அந்தப் பிரிவினைகளைக் கூட்டுத்தொகை வாரியாக அடுக்கிக்கொண்டு போகிறது. ஒரு பிரிவினையிலிருந்து அடுத்ததைச் சின்ன மாற்றத்தால் உண்டாக்கும் வழி ஒன்றும் இருக்கிறது, லேண்ட்ஸ்லைடு என்பார்கள். பட்டியலைச் சேமித்துவைக்கவே தேவையில்லை.

2023இல் இந்த ஆர்ப்கிராண்ட், மறுபடியும் 40 நானோமீட்டரில், சிப்பாக வந்தது. ஒரு பிட்டைப் படிக்க 0.8 பிக்கோஜூலுக்கும் குறைவான ஆற்றல். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் விநாடிக்கு 16.3 கிகாபிட் வேகம். பிக்கோஜூல் என்பது ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு கிகாபைட் படத்தின் பிட்களை எல்லாம் இந்த அளவில் படித்துத் திருத்த 6.4 மில்லிஜூலுக்கு மேல் ஆகாது. அலைவாங்குவதற்கும் திரைக்கும் ஆகும் செலவு தனி. டிகோடர் தன் பங்குக்கு எடுப்பது அவ்வளவுதான்.

சிப் வந்ததும் சில பழைய நம்பிக்கைகள் ஆட்டம் கண்டன. சிஆர்சி என்று ஒன்று உண்டு. 1961இல் வெஸ்லி பீட்டர்சன் தந்தது. நம் வீட்டு வைஃபையிலும் ஈதர்நெட்டிலும் ஒவ்வொரு பொட்டலத்தின் வாலிலும் ஒட்டிக்கொண்டிருப்பது. பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மட்டுமே அது என்று ஆறு தசாப்தங்களாக நினைத்துவந்தோம். கிராண்டிடம் அதைக் கொடுத்துப் பார்த்தால், அந்த வாலே நல்ல பிழைதிருத்தக் குறியீடாக வேலை செய்கிறது. 5ஜிக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய குறியீடுகளோடு சமமாகவே நிற்கிறது. ஷானன் சொன்ன குருட்டுவாக்குக் குறியீடுகளும் அப்படியே. எழுபது வருடம் காகிதத்தில் மட்டும் வாழ்ந்தவை, இப்போது ஒரு சிப்பில் ஏற்றிப் படிக்கப்படுகின்றன. சிறிய நீளங்களில் அவையும் நன்றாகவே இருக்கின்றன. ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையைக்கூட, பாதுகாப்புக்கும் பிழைதிருத்தத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று மேடார், டஃபி குழு காட்டியது. கடவுச்சொல்லை ஊகிப்பவனிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, கடவுச்சொல்லைக் காப்பாற்றும் முறையைத் தொட்டது.

இதனால் எல்டிபிசி ஓய்வெடுக்கப் போகிறது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். 5ஜியில் ஒரு எல்டிபிசி கட்டு 8,448 செய்தி பிட் வரை போகும். பாதுகாப்பு பிட்களும் ஏராளம். அங்கே நேரடியாக ஊகிக்கப் புறப்பட்டால் பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. கிராண்டின் வீடு சிறிய செய்திகளில் இருக்கிறது: கட்டுப்பாட்டுக் குறிகள், தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் போகும் உடனடி உத்தரவுகள், பேட்டரியில் வருடக்கணக்கில் ஓட வேண்டிய உணரிகள். தாமதம் குறைய வேண்டுமானால் செய்தி சிறிதாகத்தான் இருக்க வேண்டும். அதனால் அந்த வீடு பெரிதாகிக்கொண்டுதான் போகும் என்று நம்புகிறேன்.

எல்டிபிசியையும் போலாரையும் முறையாகக் கற்றுக்கொண்டால்தான் கிராண்ட் என்ன செய்திருக்கிறது என்று முழுதாகப் புரியும். நம் பிள்ளைகளுக்கு அதற்கு வழி இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஆண்ட்ரூ தங்கராஜ், 5ஜி தரநிலையில் உள்ள இந்த இரண்டு குறியீடுகளையும் பற்றி என்பிடெல் என்ற இணையப் பாடத் தளம் வழியாக நடத்திய பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து, சுமார் 220 கோடி ரூபாயில் கட்டிய 5ஜி சோதனைத் தளம் 2022 மே 17 அன்று திறக்கப்பட்டது. வன்பொருளில் ஆசை உள்ளவர்களுக்கு கிராண்டைப் போல நல்ல பயிற்சி வேறில்லை என்பேன். எக்ஸார் கதவுகளும் பதிவேடுகளும் மட்டுமே வேண்டும். மின்சுற்றை நாமே மாற்றி எழுதக்கூடிய ஒரு சாதாரண எஃப்பிஜிஏ பலகையில் பொறியியல் மாணவர் எழுதிப் பார்த்துவிடலாம்.

நீளமான செய்திகளையும் இப்போது விட்டுவைக்கவில்லை. 1954இல் பீட்டர் எலியாஸ் ஒரு வழி சொல்லியிருந்தார்: செய்தியைச் சதுரமாக அடுக்கு, ஒவ்வொரு வரிசையையும் ஒரு சிறிய குறியீட்டில் எழுது, ஒவ்வொரு நெடுவரிசையையும் அப்படியே எழுது. வரிசைகளைப் படித்தவர் தன் விடையில் எவ்வளவு உறுதி என்றும் சேர்த்துச் சொன்னால், நெடுவரிசைகளைப் படிப்பவருக்கு அது உதவும். மாறி மாறிச் சொல்லிச் செய்தி தெளிந்துவிடும். ஆனால் அந்த உறுதியைச் சரியாகக் கணக்கிடத் தெரியாமல் இத்தனை காலம் தோராயமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2023இல் பெய்ஹோங் யுவான், மேடார், கெவின் காலிகன், டஃபி நால்வரும், ஊகித்துக்கொண்டே போகும்போது இதுவரை எவ்வளவு வாய்ப்பைத் தீர்த்துவிட்டோம் என்ற கணக்கு கைவசம் இருப்பதால், விடை தவறாக இருக்கும் வாய்ப்பும் அதிலிருந்தே மிக நெருக்கமாகக் கிடைத்துவிடுகிறது என்று காட்டினார்கள். எஸ்ஓகிராண்ட் என்று அதற்குப் பெயர். அதைக் கொண்டு எலியாஸின் சதுரங்களைப் படித்து, 5ஜியின் எல்டிபிசியை மிஞ்சும் முடிவுகளையும் அதே கட்டுரையில் தந்திருக்கிறார்கள். சதுரத்தில் ஒரு வரிசை இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. எத்தனை வரிசையோ அத்தனை சிறிய கிராண்ட் சுற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படிக்கலாம். முடிந்தவை அணைந்துகொள்ளும், சந்தேகம் தீராதவை மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும்.